ஜான் பாஷாவுக்குத் தெரிந்த வெளிச்சம்

பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹ் வீட்டில்தான் குர்ஷித் அதை முதன்முதலில் கேட்டாள். சொன்னவள் யாரென்று இவளுக்குத் தெரியாது. இவள் யாரென்று அவளுக்கும் தெரியாது. பெண்கள் பக்கம் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி வாய் நிறையச் சோற்றோடு ஆரம்பித்தாள்.

"ஆம்பூர்ல ஒரு தோல் ஸார்ட்டர் இருக்காராம் ஆபா. ஸஜ்தாவுல நெத்தியத் தரையில வெச்சாருன்னா அவருக்கு நூர் எறங்குதாம். பளிச் பளிச்சுனு. என் நாத்தனார் வூட்டுக்காரர் அந்தப் பள்ளிவாசல்ல பின் வரிசையில நின்னு பாத்திருக்காரு."

"வெளிச்சத்தையா?"

"வெளிச்சம் அவருக்கு மட்டுந்தானே தெரியும்? இவரு பாத்தது அவரு முதுக."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவளும் சிரித்தாள், ஆனால் நம்பிக்கையை விடவில்லை. குர்ஷித்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிற ஸார்ட்டர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். இருந்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

"அது எங்க வூட்டுக்காரர்தான்" என்றாள்.

சிரிப்பு நின்றது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி நல்லி எலும்பை எடுத்து இவள் பக்கம் வைத்தாள். சாப்பிட்டு எழுந்தபோது யாரோ தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "தலைய ஒரு தடவை தொடுங்க ஆபா" என்றாள். கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷத்தில் எந்த வீட்டிலும் குர்ஷித்துக்காக ஒருத்தரும் நகர்ந்து உட்கார்ந்ததில்லை. அவள் அந்தக் குழந்தையின் தலையைத் தொட்டாள். தொட்ட அந்தக் கையைப் பின்னால் எத்தனையோ முறை அவள் வெறுத்துக்கொண்டாள்.

ஜான் பாஷாவின் தகப்பனார் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்தவர். மகனும் குழியில்தான் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் காப்பாற்றியது அவருடைய கண். காப்பாற்றியது என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கண் பிறவியிலேயே கோளாறான கண். பத்தடி தள்ளி வருவது மாடா மனிதனா என்று அவருக்குப் புரியாது. தெருவில் எதிரே வந்தவருக்கு ஸலாம் சொல்லாமல் போவார். கர்வம் பிடித்தவர் என்று பெயர் வாங்கினார். ரமலான் பிறை பார்க்க ஊரே மொட்டை மாடியில் ஏறி நிற்கும்போது அவரும் ஏறி நிற்பார். "அதோ, அந்தப் பனைமரத்துக்கு வலப்பக்கம்" என்று எல்லோரும் விரலை நீட்டுவார்கள். அவருக்கு வானம் முழுக்க ஒரே பால். நாற்பத்தாறு வயதுவரை அவர் பிறையைப் பார்த்ததே கிடையாது. ஊர் பார்த்ததை நம்பி நோன்பு வைத்தார், ஊர் பார்த்ததை நம்பிப் பெருநாள் கொண்டாடினார்.

ஆனால் ஒரு தோலை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடித்தால், அவருக்குத் தெரிந்தது மற்ற எவருக்கும் தெரியாது. ஆவாரம் பட்டையில் ஊறி, எண்ணெய் வாங்கி, காய்ந்து வந்த தோலை வடக்கு ஜன்னல் அடியில் மேசைமேல் விரிப்பார்கள். கழுத்தில் உண்ணி கடித்த தழும்பு, வயிற்றுப் பக்கம் உரிக்கும்போது விழுந்த கத்தி முனைக் கீறல், ஆறிப்போன பழைய சூடு, எல்லாவற்றையும் ஊசிமுனை அளவில் கண்டுபிடிப்பார். "பாய் தோலப் பாக்கல, மோந்துல்ல பாக்கறாரு" என்று பதனிடும் ஷாப்பில் கேலி செய்வார்கள். கேலி செய்தாலும், வாலோரத்தில் அவர் கத்தியால் ஒரு கீறு போட்டால் அது முதல் நம்பர், இரண்டு போட்டால் இரண்டாம் நம்பர். கப்பலேறி லண்டன் போனாலும் அந்த நம்பர் மாறாது. மூக்குக் கண்ணாடி மட்டும் அவர் போட்டதில்லை. கண்ணாடி போட்ட ஸார்ட்டர் என்றால் கண் போன ஸார்ட்டர் என்று அர்த்தம். அடுத்த நாளே மேசைக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. குர்ஷித் அழுதாள், மோதினாள், தர்காவுக்குப் போய்க் கயிறு கட்டினாள். ஜான் பாஷா அல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து வேளையும் தொழுதுவிட்டு ஷாப்புக்குப் போனார், வந்தார். பதினாறு வருஷம் அப்படியே போனது.

பிறகுதான் அந்த வெளிச்சம் வந்தது.

முப்பத்தைந்தாம் வருஷம், பக்ரீத் கழிந்த மாதம். முதலில் தோல்மேல் ஒரு தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று கையால் துடைத்தாராம். போகவில்லை. அடுத்த தோலிலும் அதே முடி. கண்ணைத் திருப்பினால் கூடவே திரும்பியது. இரண்டு நாள் கழித்து, விடியற்காலைத் தொழுகையில் குனிந்து நெற்றியை வைத்தபோது இடது ஓரத்தில் பளிச்சென்று ஒன்று. கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து குர்ஷித்திடம் சொன்னார். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"மின்னல் மாதிரியா?"

"மின்னல் கோணல் மாணலா வருமே, அப்படி இல்ல. வளைஞ்சு, மெலிசா, வெள்ளியில செஞ்ச மாதிரி." கொஞ்சம் தயங்கினார். "பிறை அப்படித்தானே இருக்கும், குர்ஷித்?"

அவள் மாவுக் கையோடு அவர் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஆமா. அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

பள்ளிவாசல் இமாமிடமும் அவர் கேட்டார். இமாம் நல்ல மனுஷர். "எனக்குத் தெரியலியே ஜான் பாஷா. எதுக்கும் ஒரு ஹக்கீமைப் பாத்துடு" என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வியைப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டார். வைத்தியரைப் பார் என்ற பதில் மட்டும் தண்ணீர்ச் சத்தத்தில் போய்விட்டதோ என்னவோ, கேள்வி தனியாகக் கிளம்பி வாணியம்பாடி போய், குடியாத்தம் போய், பேரணாம்பட்டு நிக்காஹ் வீட்டில் குர்ஷித்தின் தட்டுக்கே வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜுரக்காரக் குழந்தை, பரீட்சைக்குப் போகிற பிள்ளை, வழக்கில் மாட்டியவர். ஜான் பாஷா கூச்சத்தோடு, "நான் ஒண்ணும் இல்லீங்க" என்பார். சொல்லச் சொல்லக் கூட்டம் ஜாஸ்தியானது. தங்களுக்காக அல்லாவிடம் துஆ கேட்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் உண்மையாகவே கேட்பார். குழந்தைகளின் தலையைக் குர்ஷித்தும் தொட்டு அனுப்புவாள். இதற்கு நடுவே அவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டதும், இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டதும் குர்ஷித்தின் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. தியானத்தில் இருக்கிற மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க அவளுக்குப் பிடித்திருந்தது.

கோதண்டபாணி ஒரு நாள் மத்தியானம் வந்தான். ஸார்ட்டிங் மேசையில் ஜான் பாஷாவுக்கு எதிரே நின்று தோலை விரிப்பதும் திருப்புவதும் அவன் வேலை. பன்னிரண்டு வருஷத்து ஜோடி. ஜான் பாஷா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"பீபிம்மா, நான் சொல்றத பாய் கிட்ட சொல்லாதீங்க. சொன்னா என்ன மேசையிலேந்து தள்ளிடுவாரு."

"இன்னாப்பா விஷயம்?"

"பாய்க்கு எடது கண்ணு இல்லீங்க."

குர்ஷித் திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"நாலு மாசமா இல்ல. நான்தான் தழும்பு இருக்கற எடத்துல வெரல வெச்சு அழுத்துவேன். அவரு அங்க மூஞ்சியக் கொண்டாந்து பாத்துக்குவாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கறதில்ல. போன கப்பல்ல ஒரு கட்டு தப்பாப் போச்சு. மொதல் நம்பர்ல மூணாம் நம்பர் கலந்திருக்குன்னு லண்டன்லேந்து காயிதம் வந்திருக்கு. மொதலாளி பெரிய சாயபு, மேனேஜர் நிசார் அஹமதக் கூப்ட்டு விசாரிக்கச் சொல்லியிருக்காரு."

"எப்படிப் போச்சு கண்ணு?"

"அந்த வெளிச்சம் வந்துச்சுல்ல, ரெண்டு வாரம். அதுக்கப்புறம் ஓரத்துலேந்து ஒரு படுதா மாதிரி எறங்குச்சாம். மூணு நாள்ல முழுக்க மூடிடுச்சு. அல்லா வெளிச்சத்தக் குடுத்துட்டுக் கண்ண எடுத்துக்கினாருன்னு சொல்லிச் சிரிச்சாரு, பீபிம்மா. நான் சிரிக்கல."

அவன் போன பிறகு குர்ஷித் அடுப்படியில் உட்கார்ந்தாள். வெளிச்சம் முதலில், கண் பிறகு. இதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. தன்னிடம் சொல்லாமல் கோதண்டபாணியிடம் சொன்னாரே என்று அவர்மேல் முதலில் வந்தது. பிறகு, தான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

அன்று அந்தி மயங்கி மக்ரிப் தொழுகை முடிந்து ஜான் பாஷா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"குர்ஷித், வலது பக்கமும் வந்துடுச்சு."

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது சந்தோஷம் என்று பட்டிருக்கும்.

மறுநாள் முதல் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்காவில் வேலூர் போனார்கள். கண் பார்க்கும் டாக்டர் இருட்டறைக்குள் உட்கார வைத்து, சொட்டு மருந்து விட்டு, ஒரு சின்னக் கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தை உள்ளே அடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் ஆரோக்கியமேரி தமிழில் சொன்னாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தாள்.

"தோலோட உள்பக்கம் ஒரு ஜவ்வு ஒட்டிக்கிட்டு இருக்குமில்லீங்க பாய்? கண்ணுக்குள்ளயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு. அதுலதான் பார்வை. ரொம்பக் கிட்டப்பார்வை உள்ளவங்களுக்கு அது இழுபட்டு மெலிசாயிடும். எங்கியாவது இழுத்தா வெளிச்சம் தெரியும். வெளியில ஒரு வெளிச்சமும் இல்ல. இழுக்கறதத்தான் கண்ணு அப்படிக் காட்டுது. கிழிஞ்சா, கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சி வந்துடும். எடது கண்ணுல முழுக்க உரிஞ்சிடுச்சு. அதுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"வலது?" என்று கேட்டது குர்ஷித்.

"ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு. இன்னும் உரியல. மதராஸ்ல ஒரு டாக்டர் சூடு வெச்சு அந்தக் கிழிசல ஒட்ட வெக்கறாரு. புது வைத்தியம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா உரியறதுக்கு முன்னாடி போவணும். அதுவரைக்கும் ரெண்டு கண்ணையும் கட்டிப் படுத்தே இருக்கணும். குனியவே கூடாது. தும்மக்கூடக் கூடாது, முடிஞ்சா."

ஜான் பாஷா நர்ஸின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "குனியாம தொழுவறது எப்படிம்மா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க பாய். உங்க பெரியவங்களக் கேளுங்க."

அவருக்கே தெரியும். நோயாளி படுத்தபடி ஜாடையால் தொழலாம். பள்ளிவாசலுக்குப் போகிற எந்தச் சிறுவனுக்கும் தெரியும். திரும்பும் ரயிலில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தார். குர்ஷித் தலைமாட்டில். மேல்பட்டி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளைங்க போனப்ப நான் ஒண்ணும் கேக்கல. உனக்குத் தெரியும். கேட்டா பதில் வரணும், வரலைன்னா இன்னா பண்றதுன்னு பயம். இது வந்தப்போ, கேக்காமலே பதில் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"பதிலா இல்லைன்னா போவுது. நீங்க இருக்கீங்க."

"தோல்லேந்து ஜவ்வு உரியறது, அவ்வளவுதான்" என்றார். கட்டுக்கு அடியிலிருந்து கண்ணீர் வந்தது. அழக் கூடாது என்று நர்ஸ் சொல்லவில்லைதான், ஆனாலும் குர்ஷித் பயந்துபோய் முந்தானையால் ஒற்றினாள்.

வேலூர் டாக்டர் மதராஸ் டாக்டருக்குத் தந்தி கொடுத்தார். பதில் ஆம்பூருக்கு, ஷாப் விலாசத்துக்கு வந்தது: படுக்கை காலி இல்லை, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டெலிபோனில் கூப்பிட்டால் உண்டா இல்லையா சொல்கிறோம். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஜான் பாஷா ஹஜ்ரத் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாராம், நாற்பது நாள் தவமாம் என்று ஊரில் யாரோ ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், நடக்க முடியாத ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"ஒரே ஒரு ஸஜ்தா பண்ணி இந்தப் பொண்ணுக்காகக் கேக்கச் சொல்லுங்கம்மா. கால்ல விழறோம்."

உள்ளே ஜான் பாஷா பாயில் கையை ஊன்றுவது குர்ஷித்துக்குக் கேட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார். அவள் ஓடிப்போய் அவர் மார்பில் கை வைத்து அழுத்தினாள்.

"ஒரு தடவைதானே, குர்ஷித். வந்தவங்கள எப்படி அனுப்பறது?"

"படுங்க."

"அந்தப் பொண்ணு..."

"படுங்கன்னு சொல்றேன்ல."

அவள் திரைக்கு வந்தாள். அந்நிய ஆண்கள் கேட்க அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அது நூர் இல்ல. வியாதி. அவருக்கு ஒரு கண்ணு போய்டுச்சு. இன்னொண்ணு போய்க்கினு இருக்கு. நீங்க வேணா அவருக்காக துஆ கேளுங்க."

கூட்டத்தில் ஒரு கிழவர், "பொம்பளைக்குப் புருஷன் மேல வந்த பொறாமை" என்றார். இன்னொருவர், "நேத்துவரைக்கும் பிள்ளைங்க தலையைத் தொட்டுக்கினு இருந்தாளே, அப்ப வியாதி இல்லியா?" என்றார். குர்ஷித் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அந்தப் பெண் மட்டும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை. கோதண்டபாணி மட்டும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"பாய், நீ இல்லாம மேசையில புதுசா ஒருத்தன வெச்சிருக்காங்க. உண்ணித் தழும்பப் பாத்து, இன்னா அழகா பூப்போட்டிருக்குன்றான்."

ஜான் பாஷா சிரித்தார். "சிரிக்கலாமா, தெரியலியே" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"பெரிய சாயபு உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. கண்ணு சரியாயி வரட்டும்னாரு. நானும் மதராஸுக்கு வர்றேன். பொட்டி தூக்க ஆள் வேணாமா?"

வெள்ளிக்கிழமை விடிந்தது. குர்ஷித் அவருக்கு ஸ்பூனால் கஞ்சி கொடுத்தாள். பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல." பிறகு, "நர்ஸம்மா கட்ட மாத்தச் சொன்னாங்கல்ல, அதுக்காக விடியக்காலை நீ அவுத்தப்போ பாத்தேன். கீழ ஓரத்துலேந்து கருப்பா ஒண்ணு. நெழல் மாதிரி. கொஞ்சூண்டுதான். நகத்தளவு."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். மணி ஒன்பது ஆகியிருந்தது. மதராஸ் ரயில் பன்னிரண்டுக்கு.

கோதண்டபாணியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு அவள் ஷாப்புக்கு நடந்தே போனாள். அந்தத் தெருவில் அவள் வயதுப் பெண்கள் யாரும் அப்படி நடந்து போனதில்லை. சுண்ணாம்பு நாற்றமும் பட்டை நாற்றமும் கலந்த முற்றத்தைத் தாண்டி ஆபீஸ். மேனேஜர் நிசார் அஹமது அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலியை நகர்த்திப் போட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில்தான் டெலிபோன்.

"உக்காருங்க பாபி" என்றார், அண்ணி முறை வைத்து. "மதராஸுக்கு லைன் கேட்டிருக்கேன். வரும்."

பத்துக்கு லைன் வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. பத்தரைக்கு மணி அடித்ததும் நிசார் அஹமது பாய்ந்து எடுத்தார். காது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாகக் கத்தினார். "ஆமா, ஆம்பூர். ஆமா, ஆஸ்பத்திரி. குடுங்க, குடுங்க." டெலிபோனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தே சொன்னார்: "கெடச்சிடுச்சு பாபி. அங்க மணி அடிக்குது."

குர்ஷித் எழுந்து நின்றாள்.

"அடிக்குது... இன்னும் அடிக்குது." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரவுண்ட்ஸ் போயிருப்பாங்க. பக்கத்துல ஆள் இல்ல போல."

வெளியே யாரோ தோல் கட்டை வண்டியிலிருந்து தள்ளும் சத்தம். குர்ஷித் ஒரு நகத்தளவு நிழலை நினைத்தாள். இப்போது எவ்வளவு இருக்கும் என்று நினைத்தாள். கட்டு போட்டிருப்பதால் அவருக்கே தெரியாது.

"ஆபரேட்டர் வெச்சுடவான்னு கேக்கறான் பாபி. கொஞ்சம் கழிச்சு மறுபடி லைன் கேக்கலாமா? ஜும்மா தொழுகைக்கு முன்னாடி கெடைக்குதோ இல்லியோ..."

"வேணாம்."

"யாரும் எடுக்கலியே."

"வெக்காதீங்க. அடிக்கட்டும்."

நிசார் அஹமது முதல் தடவையாகத் திரும்பி அவளை நேராகப் பார்த்தார். பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "வெக்காதீங்க சார், அடிக்கட்டும்" என்று டெலிபோனின் வாயை நெருங்கிச் சொன்னார். மதராஸில் எங்கோ ஒரு வராந்தாவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.